கடிகாரம் யாரைக் கேட்டது?

“மணி என்ன?” என்பதைவிட எளிய கேள்வி உலகத்தில் வேறொன்று இல்லையென்று நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். அதற்கு விடை சொல்லப் படிப்பும் வேண்டுவதில்லை, பதவியும் வேண்டுவதில்லை. கையைத் திருப்பிப் பார்த்தால் போதும். ஆனால், “இந்த மணியை உனக்குச் சொன்னது யார்?” என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் திகைத்து நிற்பர். கணினி மேற்பார்வையையே பிழைப்பாகக் கொண்ட நாமும் அவ்வாறு திகைத்து நின்றதுண்டு. அந்தக் கதையை நமது குற்றத்தை மறைக்காமல் ஈண்டு எழுதத் துணிந்தோம். எழுதுமேஜையில் அமர்ந்திருப்போர்க்கும், வாயிலில் விரல் வைத்து வேலைக்குள் நுழையும் தோழர்களுக்கும் இதனால் ஒரு சிறிது பயன் உண்டாகலாம்.

நாம் வேலை பார்த்தது ஒரு ரப்பர்ப் பொருள் தொழிற்சாலை. அதன் பெயர் இங்கு வேண்டுவதில்லை. சுற்றியுள்ள தோட்டத்து லயங்களிலிருந்தும், பக்கத்துத் தாமான்களிலிருந்தும் தொழிலாளர்கள் பஸ்ஸில் வருவார்கள். காலை 7 மணிக்கு வேலை தொடங்கும். வாயிலில் விரற்பதிவு யந்திரம் ஒன்றுண்டு. 7 மணி கடந்து 1 நிமிஷம் ஆயினும் பெயருக்கு நேரே சிவப்பு விழும். ஒரு மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் அம்மாதத்து வருகைப்படி முழுவதும் போய்விடும். மேலதிகாரிக்கு அஃது அற்பத் தொகை. லயத்திலிருப்போர்க்கு அது பிள்ளையின் பள்ளிக்கூட பஸ் கூலி.

சில மாதங்களாகச் சிவப்பு மெல்ல மெல்லக் கூடி வந்தது. “ஆட்களுக்குச் சோம்பல் மிகுந்துவிட்டது” என்று காரியாலயத்தில் பேசிக்கொண்டார்கள். நாமும் அதைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தோம். ஒரு நாள், வயதில் நமக்குத் தாய் போன்ற அம்மையார் ஒருவர் சம்பளச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நமது அறை வாயிலில் வந்து நின்றார்.

“தம்பி, பஸ் வந்து நின்றபோது என் கைப்பேசியில் 6 மணி 56 நிமிஷம். நான் விரல் வைத்தபோது உங்கள் யந்திரம் 7 மணி 3 நிமிஷம் என்கிறது. பஸ்ஸிலிருந்து யந்திரத்துக்கு நடக்க 7 நிமிஷமா ஆகும்?” என்று கேட்டார்.

“கைப்பேசி தப்பாயிருக்கும், அம்மா. யந்திரம் தப்பாது” என்றோம்.

“என் கைப்பேசி தப்பென்றால், என் மகன் கைப்பேசியும் பஸ்காரர் கைப்பேசியும் சேர்ந்தா தப்பும்?” என்றார் அவர்.

நியாயமான கேள்வி. நமது கைப்பேசியை எடுத்துப் பார்த்தோம். அதுவும் அவருடையதைப் போலவே காட்டிற்று. அவ்விடத்திலேயே நமக்கு அறிவு வந்திருக்க வேண்டும், வரவில்லை. விரற்பதிவு யந்திரத்தின் மணியைத் தலைமைக் கணினியின் மணியோடு ஒப்பிட்டோம், ஒன்றாயிருந்தது. காரியாலயத்துக் கணினிகள் முப்பதையும் பார்த்தோம்; அவையும் ஒன்றாகவே இருந்தன. இத்தனை கணினிகள் ஒருமுகமாகச் சாட்சி சொல்லும்போது நாலு கைப்பேசிகள் எம்மாத்திரம் என்று எண்ணி, “யந்திரத்தில் பிழையில்லை” என்று எழுதிக் கையெழுத்தும் இட்டுக் கொடுத்தோம். அம்மையார் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார்.

மூன்று வாரம் கழிந்தது. ஒரு காலையில் மானேஜர் வெளியூரிலிருந்து காரியாலயக் கணினிக்குள் நுழைய முயன்றார். கைப்பேசியில் தோன்றும் ஆறு இலக்க எண்ணைக் கொடுத்தால்தான் கதவு திறக்கும். அந்த எண் வழக்கமாக 30 விநாடிக்கு ஒரு முறை மாறுவது. கைப்பேசியும் செர்வரும் ஒரே இரகசியத்தையும் ஒரே மணியையும் வைத்துத் தனித்தனியே கணக்கிட்டு, விடை ஒத்தால்தான் அனுமதி. மானேஜர் ஐந்து முறை எண்ணைக் கொடுத்தார். ஐந்து முறையும் செர்வர் தள்ளிவிட்டது. சில நிமிஷங்களில் நமக்குத் தொலைபேசி வந்தது. “உடனே பார்” என்று உத்தரவும் வந்தது. தொழிலாளி மூன்று வாரத்துக்கு முன்பு சொன்னதை யந்திரம் மானேஜரிடம் சொன்ன பிறகே நாம் எழுந்து நடந்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகிறோம்.

கடிகாரக் கோளாறு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, வித்தியாசம் முழு எண்ணா, சில்லறை எண்ணா என்பதாகும். சரியாக அரை மணி, ஒரு மணி, எட்டு மணி என்று முழுதாக வேறுபட்டால் கடிகாரம் கெடவில்லை. வட்டார நேரக் கணக்குத்தான் தவறு. கணினிகள் உள்ளுக்குள் உலகப் பொது நேரத்தையே வைத்துக்கொண்டு, வெளியே காட்டும்போது அந்தந்த நாட்டுக்குரிய மணியைக் கூட்டிக் காட்டுகின்றன. ஆனால் பலகையிலுள்ள மின்கலக் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதுவது வழக்கம். லினக்ஸ் பொது நேரத்தை எழுதுவது வழக்கம். ஒன்று எழுதியதை மற்றொன்று தன் வழக்கப்படி படித்தால் இந்நாட்டில் சரியாக 8 மணி பிசகும்.

இந்த வட்டாரக் கணக்கு மனிதர் வகுத்ததே என்பதற்கு நமது மலாயாவும் சிங்கப்பூரும் நல்ல சாட்சி. 1905இல் இங்கே மணி கிரீனிச்சுக்கு 7 மணி முன்னதாக வைக்கப்பட்டது. 1933இல் 20 நிமிஷம் கூட்டினார்கள். 1941இல் அதை 7 மணி 30 நிமிஷமாக்கினார்கள். 1942இல் ஜப்பானியர் வந்து, டோக்கியோ மணியே இங்கும் மணியென்று 9 ஆக்கினார்கள். பழைய மணிப்படி 4.30க்கு உரிய இருட்டு அன்று முதல் 6 மணிக்குரியதாயிற்று; சூரியனும் ரப்பர் மரமும் அந்த உத்தரவைக் கேட்கவில்லை. 1945இல் மீண்டும் 7.30. 1982 ஜனவரி முதல் தேதியன்று, சபா சரவாக்கோடு ஒத்திருக்கத் தீபகற்ப மலேசியா அரை மணி முன்னே நகர்ந்தது. சிங்கப்பூரும் கூடவே நகர்ந்தது. பெரட்டுக்கு எழுப்பும் மணியின் கயிறு தங்கள் கையில் இல்லை என்பதைத் தோட்டத்து மக்கள் நம்மைவிட முன்னதாகவே அறிந்தவர்கள். ஆயினும் அம்மாற்றங்களெல்லாம் ஊரறியச் செய்யப்பட்டவை. நமது தொழிற்சாலையில் நடந்ததோ எவருமறியாமல் நடந்தது.

வெளியேயுள்ள நேர செர்வரோடு ஒப்பிட்டபோது நமது கணினிகள் 6 நிமிஷம் 22 விநாடி முன்னே ஓடிக்கொண்டிருந்தன. சில்லறை எண். ஆதலின் வட்டாரக் கணக்கில் குற்றமில்லை. கடிகாரமே வழுவியிருக்கிறது என்று தெளிந்தது. இனி வேண்டியது இரண்டாவது கேள்வி: நீ யாரிடமிருந்து மணி வாங்குகிறாய்? ஒவ்வொரு கணினியிடமும் அதைக் கேட்டு விடை பெறத் தக்க கட்டளை உண்டு. கேட்டுக்கொண்டே போனோம்.

விரற்பதிவு யந்திரம், “தலைமைக் கணினியிடம்” என்றது. காரியாலயக் கணினிகளும் அவ்வாறே கூறின. தலைமைக் கணினியைக் கேட்டோம். “எனக்கு இடங்கொடுத்திருக்கும் வீட்டுக் கணினியிடம்” என்றது. வீட்டுக் கணினியைக் கேட்டோம். “தலைமைக் கணினியிடம்” என்றது! படித்துவிட்டுச் சிறிது நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.

வாசகர்களுக்கு இதைச் சற்று விளக்குவது நமது கடமை. முற்காலத்தில் ஒரு பெட்டிக்குள் ஒரு கணினிதான் இருக்கும். இப்போது வலிமையுள்ள ஒரு பெட்டியை வாங்கி, அதற்குள் பல மெய்நிகர்க் கணினிகளைக் குடிவைக்கிறார்கள். பெட்டி வீட்டுக்காரன், உள்ளே இருப்பவை குடித்தனக்காரர்கள். ஒவ்வொரு குடியும் தனக்கென்று முழுக் கணினி இருப்பதாகவே எண்ணிக்கொள்ளும். உண்மையில் வீட்டுக்காரன் வேலை நேரத்தைத் துண்டு துண்டாக்கி முறைவைத்துக் கொடுக்கிறான். முறை வராத கணத்தில் குடிக் கணினி உறைந்து நிற்கிறது. தான் நின்றது அதற்கே தெரியாது. கடிகாரத் துடிப்பை எண்ணித்தான் மணியைக் கணக்கிடுகிறதென்றால், நின்ற போது வந்த துடிப்புகளை அது எண்ணத் தவறும். அதனை உறங்கவைத்து மறுநாள் எழுப்பினாலோ, நேற்றைய மணியையே இன்றைய மணியென்று நம்பி எழும். இக்குறையைப் போக்கவே, வீட்டுக்காரன் அவ்வப்போது குடிக்கு மணி சொல்லும் ஏற்பாடு ஒன்றை அமைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், வீட்டுக்காரனுக்குச் சரியான மணி தெரிந்திருக்கும் வரையில்.

ஏழு மாதத்துக்கு முன்பு பழைய தலைமைக் கணினியை மெய்நிகர்க் கணினியாக மாற்றிப் புதிய பெட்டிக்குள் குடிவைத்தது நாமே. அலுவலகக் கணினிகளெல்லாம் தலைமைக் கணினியிடம் மணி கேட்க வேண்டுமென்பது விண்டோஸ் குடும்பத்தின் வழக்கம். அந்தப் பெட்டியும் குடும்பத்தில் ஓர் உறுப்பினன். ஆகவே தன் வீட்டில் குடியிருக்கும் தலைமைக் கணினியிடம் மணி கேட்டது. தலைமைக் கணினியோ வீட்டுக்காரனிடம் கேட்டது. பிள்ளை தகப்பனைக் கேட்டான், தகப்பன் பிள்ளையைக் கேட்டான். வீட்டைவிட்டு வெளியே வந்து வானத்தைப் பார்த்தவர் ஒருவருமில்லை. தலைமைக் கணினி வெளியேயுள்ள நேர செர்வர்களைக் கேட்க வேண்டுமென்று பழைய இடத்தில் எழுதிவைத்திருந்ததைப் புதிய இடத்தில் சரிபார்க்காமல் விட்டது நமது குற்றம். யந்திரம் தனக்குச் சொன்னபடியே செய்தது.

இந்த வட்டத்துக்குள் மணி சுற்றிக்கொண்டிருக்க, பெட்டியிலுள்ள படிகம் தன் இயல்புப்படி சிறிது விரைந்தது. பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிழை என்பது கணினிப் படிகத்துக்குப் பெருங்குற்றமன்று. நாளொன்றுக்கு 86,400 விநாடி. அதில் 20 பங்கு என்றால் 1.7 விநாடி. மாதத்துக்கு 52 விநாடி. ஏழு மாதம் கடந்தால் 6 நிமிஷத்துக்கு மேல். ஒரு நாளில் எவரும் காணமுடியாத பிழைதான் இவ்வாறு கூடி ஒருவருடைய வருகைப்படியைக் கொண்டுபோயிற்று.

இவ்வளவு வழுவியும் எச்சரிக்கை ஏன் எழவில்லை? விண்டோஸ் குடும்பத்தில் கெர்பரோஸ் என்னும் காவல் முறை உண்டு. ஒரு கணினியின் மணி தலைமைக் கணினியின் மணியிலிருந்து 5 நிமிஷத்துக்கு மேல் வேறுபட்டால், அதை உள்ளே விட மறுப்பது அதன் வழக்கம். ஆனால் அக்காவலன் உள்ளிருப்போரின் மணியை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறானேயன்றி, உலகத்தோடு ஒப்பிடுவதில்லை. எல்லோரும் சேர்ந்தே வழுவினால் அவனுக்கு எல்லோரும் யோக்கியர். நாம் முப்பது கணினிகளைச் சாட்சிக்கு அழைத்துக் கையெழுத்திட்டதும் இதே மூடத்தனந்தான். முப்பது பேரும் ஒரே வாயிலிருந்து கேட்டிருந்தால் அது முப்பது சாட்சியன்று, ஒரே சாட்சி. அம்மையாரின் நாலு கைப்பேசிகள் வெளியுலகத்திலிருந்து மணி வாங்கியவை. எண்ணிக்கையில் சிறுபான்மையாயிருந்தும் உண்மை அவற்றிடம் இருந்தது.

பிணி தெரிந்தபின் மருந்து கடினமன்று. முதலாவது, வட்டத்தை அறுத்தோம். தலைமைக் கணினி வீட்டுக்காரனிடம் தொடர்ந்து மணி வாங்குவதை நிறுத்தினோம். இரண்டாவது, வெளியேயுள்ள நாலு நேர செர்வர்களை அதற்குக் காட்டிக் கொடுத்தோம். ஏன் நாலு? ஒன்று பொய் சொன்னால் தெரியாது. இரண்டு மாறுபட்டால் எது பொய்யென்று தெரியாது. மூன்றுக்கு மேலிருந்தால்தான் தவறியதை ஒதுக்கலாம், ஒன்று படுத்துவிட்டாலும் வேலை நடக்கும். மூன்றாவது, ஒவ்வொரு கணினிக்கும் எசமான் ஒருவனே என்று விதித்தோம். கணக்குப் பிரிவின் லினக்ஸ் கணினி ஒன்று வெளி செர்வரையும் வீட்டுக்காரனையும் ஒருசேரக் கேட்டு, ஒருவன் முன்னே இழுக்க மற்றவன் பின்னே இழுக்கத் தத்தளித்துக்கொண்டிருந்ததையும் அப்போதுதான் கண்டோம்.

வெளி செர்வர்களிடம் மணி கேட்கும் அம்முறையின் முதல் விதிநூல் 1985இல் வெளிவந்தது. அதை வகுத்தவர் டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்க அறிஞர். பிறவியிலேயே கண்ணழுத்த நோயுடையவர், பிற்காலத்தில் பார்வையை இழந்தவர், 2024இல் காலமானார். அவர் முறையில், அணுக்கடிகாரம் அடிப்படை; அதனோடு நேரே இணைந்த செர்வர் முதற்படி; அதைக் கேட்பது இரண்டாம் படி; இப்படி 15 வரை செல்லும், 16 என்றால் நம்பத்தகாதது. சொல்லும் ஒவ்வொரு கணினியும் தான் யாரிடம் கேட்டதென்பதையும், எத்தனையாம் படியில் நிற்கிறதென்பதையும் கூடவே சொல்லியாக வேண்டும். “பெரியோர் சொன்னார்கள்” என்பதோடு நிறுத்திக்கொள்ள அங்கே இடமில்லை. எந்தப் பெரியோர், அவர்க்குச் சொன்னது யார் என்பதும் வேண்டும். பஞ்சாங்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் நம்மவர்க்கு இதில் பாடமில்லையா?

மணியைத் திருத்துவதிலும் ஒரு நுட்பம் உண்டு. கடிகாரத்தைத் திடீரென்று பின்னே தள்ளினால், நடந்து முடிந்த 6 நிமிஷம் மறுபடியும் நடக்கும். பின்னால் எழுதிய கணக்கு முன்னால் எழுதியது போல் தோன்றும். மெதுவாகத் திருத்துவதே பொதுவாக நல்லது. ஆனால் மில்ஸ் முறையின் பழைய மென்பொருள் விநாடிக்கு 2000இல் ஒரு பங்குக்கு மேல் திருத்துவதில்லை. 382 விநாடியை அந்த வேகத்தில் கரைக்க ஏறக்குறைய 9 நாள் செல்லும். அந்த 9 நாளும் வாயிலில் சிவப்பு விழுந்துகொண்டேயிருக்குமே! ஆகையால், சனிக்கிழமை இரவு எல்லா வேலையும் ஓய்ந்தபின், கணக்குக் களஞ்சியத்தை நிறுத்திவைத்து, ஒரே அடியாகத் திருத்தினோம்.

யந்திரம் திருந்திற்று. விழுந்த சிவப்புகளை யார் திருத்துவது? வெளியிலிருந்து காரியாலயத்துக்கு வந்த மின்னஞ்சல்கள் நமக்குக் கைகொடுத்தன. ஒவ்வொன்றிலும் அனுப்பிய இடத்தின் மணியும், நமது செர்வர் வாங்கிய மணியும் பதிந்திருந்தன. ஏழு மாதத்து அஞ்சல்களை வரிசையாக வைத்துப் பார்த்ததில், நாளுக்கு நாள் வளர்ந்த பிழை படிக்கட்டுப் போல் தெரிந்தது. அந்த அளவைக் கழித்து ஒவ்வொரு சிவப்பையும் மறுபடி கணக்கிட்டு மானேஜரிடம் கொடுத்தோம். “வேலை முடிந்து போகும்போதும் அதே யந்திரந்தானே? 6 நிமிஷம் முன்னதாகப் போயிருக்கிறார்களே!” என்றார் அவர். “உண்மை. ஆனால் மாலையில் முன்னதாக இறங்கியவர்கள் உண்மை மணிக்கு வரும் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். அதனால் ஒருவர்க்கும் ஒரு வெள்ளி கூடவில்லை. காலையில் விழுந்த சிவப்போ படியை முழுதாகத் தின்றது” என்று விடையிறுத்தோம். இரண்டு நாள் யோசித்தார். பிறகு கொடுக்கச் சம்மதித்தார்.

அம்மையாரை நாமே தேடிச் சென்று, நமது கையெழுத்துத் தவறென்று கூறி மன்னிப்புக் கேட்டோம். அவர் முகத்தில் வெற்றிக் களிப்பில்லை. “பணம் வந்தது சரி, தம்பி. நான் பொய் சொன்னேன் என்று அன்று எல்லோரும் பார்த்தார்களே, அதற்கென்ன செய்வது?” என்றார். அதற்கு நம்மிடம் விடை இல்லை.

ஆனால் செய்யத்தக்கது ஒன்று இருந்தது, அதைச் செய்தோம். விரற்பதிவு யந்திரத்தின் பக்கத்தில் சிறு திரை ஒன்றை மாட்டி, நமது மணிக்கும் வெளியுலக மணிக்கும் எத்தனை விநாடி வித்தியாசம், அதை யாரிடம் கேட்டோம் என்ற இரண்டையும் தமிழிலும் மலாயிலும் எல்லோரும் காண வைத்தோம். 2 விநாடிக்கு மேல் போனால் எண் சிவப்பாகும். இப்போது தொழிலாளர்கள் விரல் வைக்குமுன் அத்திரையை ஒரு முறை பார்த்துக்கொள்ளுகிறார்கள். சிலர் தங்கள் கைப்பேசியோடும் ஒப்பிடுகிறார்கள். அம்மையாரும் தவறாமல் பார்க்கிறார். சிவப்பு இனி இரு பக்கமும் விழலாம் என்பது அவர்களுக்குத் தெரியும், நமக்கும் தெரியும்.